தகரக் கூரைக்கு ஒன்று, கான்கிரீட் தளத்துக்கு வேறொன்று: மும்பை வெயிலைத் தணிக்கும் கூரைக் காப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மும்பை: கோடைக்காலத்தில் மேல்தளத்தில் வசிப்போரின் வீட்டுக்குள் புகும் வெப்பத்தின் பெரும்பகுதி கூரை வழியாகவே வருகிறது. தாராவியின் தகரக் கூரை அறைகளுக்கும், மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் கான்கிரீட் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். ஆயினும் இரண்டுக்கும் ஒரே தீர்வு உதவாது. கூரையின் வகை, அது தாங்கக்கூடிய எடை, நான்கு மாதப் பருவமழை, செலவு செய்பவர் அவ்வீட்டில் இருக்கப்போகும் காலம் ஆகிய நான்கையும் கருதியே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

அருகருகே இரு வெப்பநிலைகள்

தாராவியும் மாட்டுங்காவும் மத்திய ரயில் பாதையின் இருபுறமும் அமைந்த அண்டைப் பகுதிகள். எனினும், செயற்கைக்கோள் வழியே அளவிடப்படும் நிலப்பரப்பு வெப்பநிலை, மரங்கள் சூழ்ந்த மாட்டுங்காவைவிடத் தாராவியில் பல டிகிரி அதிகமாகப் பதிவாகிறது. நெருக்கமான கட்டடங்கள், மரமின்மை, தகரம் மற்றும் சிமென்ட் ஷீட் கூரைகள் ஆகியவை இதற்குக் காரணம். மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் வெளியிட்ட காலநிலைச் செயல் திட்டமும், நகர்ப்புற வெப்பத்தை மாநகரின் முக்கிய இடர்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளது.

கடலோரப் பகுதிகளில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாக இருந்தால் அதை வெப்ப அலை என இந்திய வானிலை ஆய்வு மையம் கருதுகிறது. மும்பையின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராததால், அந்த அளவை எட்டாத நாள்களிலும் உடல் தளர்கிறது. பருவமழை விடைபெறும் அக்டோபரில் வெப்பம் மீண்டும் ஒருமுறை தலைதூக்குவதும் இந்நகரின் இயல்பு.

வெப்பம் இறங்கும் விதம்

தகரம் மெல்லியது. உச்சி வெயிலில் அதன் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டக்கூடும். அந்த வெப்பம் சில நிமிடங்களிலேயே கீழே இருப்போர் மீது கதிர்வீச்சாக இறங்குகிறது. பூச்சில்லாத புதிய தகரம் வெயிலை ஓரளவு பிரதிபலித்தாலும், உறிஞ்சிய வெப்பத்தை வானத்தை நோக்கி எளிதில் வெளிவிடுவதில்லை. பளபளப்பான தகரமும் கொதிப்பது இதனால்தான்.

கான்கிரீட் தளம் இதற்கு நேர்மாறானது. பகல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்து, மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் விடுகிறது. மேல்தளக் குடியிருப்புகளில் இரவு பத்து மணிக்கும் மின்விசிறி வெந்த காற்றையே வீசுவதற்கு இதுவே காரணம்.

தகரக் கூரைக்கு ஏற்றவை

முதல் படி வெள்ளைப் பூச்சு. வெயிலைப் பிரதிபலிக்கும் வெண்ணிறப் பூச்சு, புதிதாக இருக்கும்போது சூரிய வெப்பத்தில் 70 முதல் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இதனால் அறையின் வெப்பநிலை பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது. சுண்ணாம்பு மலிவானது, ஆனால் மும்பை மழையில் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது. நீர்க்கசிவைத் தடுக்கும் அக்ரிலிக் பூச்சு கூடுதல் விலையுடையது என்றாலும் சில ஆண்டுகள் தாங்கும்.

இரண்டாவது, கூரைக்குக் கீழே உள்கூரை அமைப்பது. தகரத்துக்கும் உள்கூரைக்கும் இடையே காற்று இடைவெளி விட்டு, உச்சியில் மழை புகாத திறப்பு வைத்தால் சூடான காற்று வெளியேறும். அலுமினியத் தாள் பயன்படுத்துவோர் அதைத் தகரத்துடன் ஒட்டிவிடக் கூடாது. பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் அது கதிர்வீச்சைத் தடுக்கும்.

கூரையை நனைத்து வைப்பதும், ஈரச் சாக்கு விரிப்பதும் வறண்ட ஊர்களில் நல்ல பலன் தரும். ஈரப்பதம் மிகுந்த மும்பையில் பலன் குறைவு. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள சந்துகளில் இது கட்டுப்படியாகவும் ஆகாது. மண் நிரப்பிய மாடித்தோட்டம், ஓடு பதித்தல் போன்றவற்றை மெல்லிய இரும்புச் சட்டங்கள் தாங்கமாட்டா.

கவனிக்க வேண்டிய இரு ஆபத்துகள்

மலிவு என்பதால் தகரத்துக்குக் கீழே தெர்மாகோல் அட்டைகளைப் பொருத்தும் வழக்கம் உள்ளது. அது எளிதில் தீப்பற்றி உருகி, நச்சுப்புகையைக் கக்கும். மின்கம்பிகளும் எரிவாயு உருளைகளும் நெருங்கியிருக்கும் சிறு அறைகளில் இது பேராபத்து. எளிதில் எரியாத ராக்வூல், சிமென்ட் போர்டு, ஜிப்சம் பலகை ஆகியவை பாதுகாப்பானவை. ராக்வூல் நனையாமலும் இழைகள் உதிராமலும் மூடி வைக்கப்பட வேண்டும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளையிடுவதும், அறுப்பதும், உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் கூடாது. வெளிப்படும் நுண்ணிழைகள் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். நீரால் நனைத்து, மென்மையாகக் கழுவிய பின்னரே பூச்சு அடிக்க வேண்டும்.

கான்கிரீட் தளத்துக்கு ஏற்றவை

தமிழகத்தில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, தட்டோடு பதிப்பது நெடுநாள் வழக்கம். மும்பையில் உடைசெங்கல் தளமும் அதன் மேல் வெள்ளைப் பீங்கான் துண்டுகளும் பதிக்கப்படுகின்றன. இவை மழைக்கும் வெயிலுக்கும் ஒருசேர உதவுபவை. ஆனால் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள உடைசெங்கல் தளம், ஒரு சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிலோ வரை எடை கொண்டது. மும்பையில் 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள் கட்டமைப்பு உறுதிச் சான்று பெற வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பொறியாளரின் ஒப்புதலின்றி இத்தகைய எடையை ஏற்றக் கூடாது.

எடை குறைந்த மாற்று, பாலிஸ்டைரீன் நுரைப்பலகை. 50 மில்லிமீட்டர் தடிமனிலும் சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கும் குறைவான எடையே இதற்கு உண்டு. இதன் மேல் மெல்லிய சிமென்ட் காரை அல்லது ஓடு இட்டு மூட வேண்டும். புதிய குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள், கூரை வழியே கடக்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. காப்பில்லாத கான்கிரீட் தளத்தில் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. 25 மில்லிமீட்டர் நுரைப்பலகையே அந்த வரம்புக்குள் கொண்டுவரப் போதுமானது.

செம்பூரின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் மொட்டை மாடி பொதுச் சொத்து. வெப்பம் மேல்தளத்தாரைத் தாக்க, செலவுக்கு மற்றவர்கள் தயங்குவது இயல்பு. மாடியின் நீர்க்கசிவைச் சரிசெய்வது சங்கத்தின் பொறுப்பு என்பதால், அப்பணியுடன் வெப்பக் காப்பையும் சேர்த்துப் பொதுக்குழுவில் முன்வைப்பது நடைமுறைக்கு உகந்தது.

பிற மாநிலங்களின் முயற்சி

2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக உயிரிழந்ததைத் தொடர்ந்து, அகமதாபாத் மாநகராட்சி 2013-இல் வெப்பச் செயல் திட்டத்தை உருவாக்கியது. 2017-இல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் திட்டத்தையும் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர் கூரைக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

யார் செலவிடுவது?

தாராவியில் கூரைக்கு நேர் கீழே வசிப்பவர்கள் பெரும்பாலும் மேல்தள அறைகளின் வாடகைதாரர்கள். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் கூரைக்குச் செலவிடத் தயங்குகிறார். கீழ்த்தளத்தில் இருக்கும் உரிமையாளருக்கோ அந்த வெப்பம் தெரிவதில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீடுகளுக்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். மேல்தளத்தாருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை அடிப்படையிலான வீடுகளே திட்டமிடப்பட்டுள்ளன. வெப்பத்தை அதிகம் தாங்குபவர்களே புதிய வீட்டுக்கான வரிசையில் பின்னால் நிற்கின்றனர்.

இடிபடவிருக்கும் கூரைக்குப் பெருஞ்செலவு பொருந்தாது. வெள்ளைப் பூச்சும், இடம் மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய உள்கூரையும் இவர்களுக்கு ஏற்றவை. மழை ஓய்ந்து கூரை நன்கு உலர்ந்த பின், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூச்சு வேலைக்கு உகந்த காலம். படியும் தூசும் பாசியும் பிரதிபலிப்பைக் குறைப்பதால், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் பிறக்குமுன் கூரையைக் கழுவுவது அவசியம்.