போர்க்களப் புலவர்களுக்கு வரலாறு எழுதியவர்



செய்யுளைக் கற்பிக்கும்போது 'இயற்றியவர்' என்று ஒரு பெயரைச் சொல்கிறோம். மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். அவர் எப்படி வாழ்ந்தார் என்று எவரும் கேட்பதில்லை. சங்கப் புலவர்களைப் பற்றி அவ்வினாவை எழுப்பி, விடையை ஒரு நூல் வரிசையாகவே எழுதியவர் புலவர் கா. கோவிந்தன் (1915–1991). செய்யாற்றைச் சேர்ந்தவர், உரைவேந்தர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பேரவைத் தலைவராக இருமுறை பணியாற்றியவர்.

வாழ்க்கை வரலாறு எழுதச் சான்றுகள் வேண்டும். முதல் உலகப் போரில் மடிந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவனின் வரலாற்றை ஜான் ஸ்டால்வொர்த்தி 1974இல் எழுதினார். ஓவன் தம் தாய்க்கு எழுதிய கடிதங்கள் அவருக்குக் கிடைத்தன. போர் ஓய்வதற்கு ஏழு நாள் முன்பு, 1918 நவம்பர் 4இல் ஓவன் இறந்தார் என்பதும் உறுதியாகத் தெரிந்திருந்தது.

சங்கப் புலவர்க்கோ கடிதமும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. பாடல்களும் அவற்றின் அடியிலுள்ள சிறு உரைநடைக் குறிப்புகளுமே உள்ளன. எனவே கோவிந்தன் பெயரையும் ஊரையும் தொழிலையும் கொண்டு புலவர்களை வகைப்படுத்தினார். 'வணிகரிற் புலவர்கள்', 'கிழார்ப் பெயர்பெற்றோர்', 'காவல பாவலர்கள்' என்னும் நூல் தலைப்புகளே அம்முறையைக் காட்டும்.

கோவூர்கிழாரை எடுத்துக்கொள்வோம். உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழர். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று அவர் இடித்துரைத்தார். மலையமானின் சிறுவர்களைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடவிருந்தபோதும் இவரே தடுத்துப் பாடினார். ஒற்றன் என்று கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்னும் புலவரையும் காத்தார். தனித்தனியே படித்தால் இவை மூன்று செய்யுள்கள். ஒருசேர வைத்தால், வேந்தரின் சினத்துக்கு முன் அஞ்சாது நின்ற ஒரு மனிதரின் வாழ்க்கை புலப்படுகிறது. வரலாற்றாசிரியரின் பணி இதுவே.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். இம்மூன்று பாடல்களும் மன்னரின் இயற்பெயரைக் கூறுவதில்லை. பிற்காலத்தார் எழுதிய அடிக்குறிப்புகளே கூறுகின்றன. ஒரே பெயர் பலரைக் குறிப்பதும் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் வேறு. நம் பிள்ளைகள் படிக்கும் ஆத்திசூடியின் ஔவையார் பல நூற்றாண்டு பிற்பட்டவர். இருவரையும் ஒருவராக்கிக் கதை சொன்னால் இருவரின் வாழ்வும் மறைந்துபோகும்.

பண்டமாரானில் பணியாற்றும் எனக்கு இது வகுப்பறைக்குரிய செய்தியாகவே படுகிறது. ஒரு புலவரை அறிமுகப்படுத்தும்போது மாணவர்களிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: பாடலில் இருப்பது எது? குறிப்பில் இருப்பது எது? நாமாக ஊகிப்பது எது? பத்து வயதுப் பிள்ளைக்கும் இது எட்டும். வரலாற்றையும் கற்பனையையும் பிரித்தறியும் பழக்கம் வளரும்.

கோவிந்தனின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. விக்கிமூலத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். வாரம் ஒரு புலவரைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். பெயர்களை அவர்கள் மறக்கலாம். யானைக்கு எதிரே நின்று பேசிய புலவரை மறக்கமாட்டார்கள்.