பங்க்: ஒரு வசவு கடந்து வந்த பாதை

'பங்க்'னு சொன்னா நம்ம ஊர்ல முதல்ல பெட்ரோல் போடுற இடம்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசப்போறது அது இல்ல. ஆங்கிலப் படத்துல போலீஸ்காரர் ஒரு பையனைத் திட்டுவாரே, அந்த 'பங்க்'. கிழிஞ்ச சட்டையும் கித்தாருமா மேடையேறுவாங்களே, அந்த 'பங்க்'. நண்பனை ஏமாத்தி வீடியோ எடுத்துட்டு "உன்னை பங்க் பண்ணிட்டோம்"னு சிரிப்பாங்களே, அந்த 'பங்க்'. மூணும் ஒரே வார்த்தைதான்.

வார்த்தைக்கு வயசு 400 வருஷத்துக்கு மேல. ஷேக்ஸ்பியர் தன் நாடகங்கள்ல இதைப் பயன்படுத்தியிருக்கார். அப்போ அதுக்கு அர்த்தம், பாலியல் தொழில் செய்யும் பெண். மரியாதை இல்லாத சொல். அமெரிக்காவுல இதே உச்சரிப்புல இன்னொரு சொல்லும் இருந்தது: நெருப்பு மூட்ட உதவுற, மக்கிப்போன மரக்கட்டை.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அமெரிக்கச் சிறைகள்ல அர்த்தம் இன்னும் கொடூரமாச்சு. பலசாலிக் கைதிகள் அடக்கி வச்சு, பாலியல் ரீதியா பயன்படுத்திக்கிட்ட இளைஞனுக்குப் பேர் 'பங்க்'. சிறையைத் தாண்டி தெருவுக்கு வந்தப்போ அது 'சில்லறை ரவுடி'யா மாறுச்சு. 1971இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்துல கிளின்ட் ஈஸ்ட்வுட் திட்டுறது இந்த அர்த்தத்துலதான்.

கவனிச்சீங்களா? ஒவ்வொரு காலத்துலயும் இந்த வார்த்தை, சமூகம் கீழே தள்ளி வச்ச ஆளைத்தான் குறிக்குது.

1970கள்ல அதைத் தலைகீழாக்கினது இசை. சுத்தமா வாசிக்கத் தெரியாத, ஆனா வெறியோட வாசிக்கிற குழுக்களை அமெரிக்க விமர்சகர்கள் 'பங்க் ராக்'னு எழுத ஆரம்பிச்சாங்க. 1976 ஜனவரியில் நியூயார்க்ல 'பங்க்'ங்கிற பேர்லயே ஒரு பத்திரிகை வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர் 1, லண்டன்ல செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு நேரலை டிவி நிகழ்ச்சியில கெட்ட வார்த்தை பேச, மறுநாள் பத்திரிகைகள்ல அதுதான் தலைப்புச் செய்தி. "ஆமா, நாங்க பங்க்தான்"னு இளைஞர்கள் வசவையே பேட்ஜா குத்திக்கிட்டாங்க.

ஆனா எல்லாருக்கும் அது அவ்வளவு சுலபமா இல்ல. ஸ்டீபன் டொனால்ட்சன்னு ஒரு அமெரிக்கர். 1973இல் வெள்ளை மாளிகை முன்னாடி நடந்த அமைதிப் போராட்டத்துல கைதாகி, வாஷிங்டன் சிறையில கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வெளிய வந்ததும் அதை மறைக்கல. பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு தனக்கு வச்சுக்கிட்ட பேர், 'டானி தி பங்க்'. பங்க் இசை ரசிகர்கள் மத்தியிலயும் அவர் அந்தப் பேர்லதான் பிரபலம். சிறைப் பாலியல் வன்முறைக்கு எதிரா கடைசிவரை வேலை செஞ்சு, 1996இல் இறந்தார்.

2003இல் ரெண்டு விஷயம் நடந்துச்சு. எம்டிவியில 'பங்க்ட்'ங்கிற குறும்பு நிகழ்ச்சி தொடங்கி, 'பங்க் பண்றது'ன்னா ஜாலியா ஏமாத்துறதுன்னு உலகமே கத்துக்கிச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல, சிறைப் பாலியல் வன்முறையை ஒழிக்கிறதுக்கான சட்டம் அமெரிக்காவுல கையெழுத்தாச்சு. டானி அதைப் பார்க்க உயிரோட இல்ல.

அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாதுன்னு சொல்ல வரல. அடுத்த தடவை அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, அது யார் மேல விழுந்த வார்த்தைன்னு தெரிஞ்சிருக்கட்டும். அவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.