பெரிய கிரைண்டரும் டேபிள் டாப்பும்: ஒரு கோவைக் கணக்கு

கிரைண்டர் எத்தனை வருடம் உழைக்கும் என்று அதை விற்கும் கடையில் கேட்டால் உத்தரவாத அட்டையைக் காட்டுவார்கள். பழுது பார்க்கும் கடையில் கேட்டால் உண்மை கிடைக்கும். கோயம்புத்தூரில் அந்த உண்மையைத் தேடுகிறவர்கள் உக்கடம் பக்கம் போகலாம். பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கரும்புக்கடை போகும் வழியிலும் பழைய சாமான் கடைகளும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சிறு பட்டறைகளும் உண்டு. அங்கே வந்து சேரும் கிரைண்டர்கள் இரண்டு சாதி. ஒன்று, இரும்புச் சட்டத்தின் மேல் தரையில் நிற்கிற பெரிய கிரைண்டர். மற்றொன்று, அடுப்பு மேடையில் அடங்கிவிடுகிற டேபிள் டாப். ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்று நினைப்பவர்கள் முதலாவதைச் சொல்வார்கள், கைக்கு அடக்கமாக வேண்டும் என்பவர்கள் இரண்டாவதை. நீண்ட காலத்தில் எது பணத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டுமே இந்த ஊர்ச் சரக்கு. 1955இல் கோவையில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் ஈரமாவுக் கிரைண்டரை உருவாக்கினார். கை ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். இங்கே அது தலைகீழானது: கல் சுற்றும், குழவி ஓரிடத்தில் நின்று உருளும். அந்த எளிய மாற்றத்துக்கு ஊரில் எல்லாம் தயாராக இருந்தன. 1930களில் வந்த பைக்காரா மின்சாரம், பம்ப்செட் செய்து பழகிய மோட்டார் பட்டறைகள், வார்ப்படச் சாலைகள், ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல். கணபதியிலும் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் வளர்ந்த அந்தத் தொழிலுக்கு, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பெரிய கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தால் அது ஏன் நெடுநாள் உழைக்கிறது என்பது புரியும். அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஒரு வி-பெல்ட், ஒரு புல்லி, தண்டு, அதைத் தாங்கும் பேரிங், மேலே கல் பதித்த டிரம், இரும்புக் கையில் பூட்டிய ஒற்றைக் குழவி. அவ்வளவுதான். இதில் தேயக்கூடிய எதுவும் கிரைண்டர் கம்பெனிக்கு மட்டுமே சொந்தமானது அல்ல. 6203, 6204 போன்ற எண் போட்ட பேரிங்குகள் உலகம் முழுக்க ஒரே அளவு. பம்ப்செட்டுக்கும் அதே, லேத்துக்கும் அதே. பெல்ட்டின் மேல் அச்சடித்த எண்ணைச் சொன்னால் எந்த ஹார்டுவேர் கடையிலும் எடுத்துத் தருவார்கள். மோட்டார் புகைந்துபோனால், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரே இதற்கும் கட்டிவிடுவார். கண்டென்சர் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கல் வழவழப்பாகி மாவு மசியத் தாமதமானால், உளி வைத்துக் கொத்துகிறவர் வந்து பள்ளம் போட்டுத் தருவார். குழவி பருமனாக இருப்பதால் பலமுறை கொத்தினாலும் தாங்கும். செய்த கம்பெனி மூடிப்போனாலும் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கொங்கு நாட்டில் கல்யாணச் சீராக வந்த கிரைண்டர்களில் பல, பேரப்பிள்ளைகளுக்கும் இட்லி மாவு அரைத்திருக்கின்றன.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கழுவும்போது தாராளமாக ஊற்றிய தண்ணீர் தண்டு வழியே இறங்கிப் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கரகரவென்று சத்தம் வந்த அன்றே பேரிங்கை மாற்றினால் சின்னச் செலவு. சத்தத்தோடு ஆறு மாதம் ஓட்டினால் தண்டும் தேயும், மோட்டாரும் திணறும்.

டேபிள் டாப்பின் அமைப்பு வேறு. கூம்பு வடிவில் இரண்டு அல்லது மூன்று சின்னக் குழவிகள், அவற்றைப் பிடித்திருக்கும் நைலான் தாங்கி, அடியில் கல் ஒட்டிய எவர்சில்வர் டிரம், சுற்றிலும் பிளாஸ்டிக் உடம்பு. டிரம்மை அப்படியே தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவலாம், அரைத்த மாவைச் சாய்த்து வழிக்கலாம். வயதான அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. குனிந்து மாவு வழித்தே இடுப்பு ஓய்ந்த தலைமுறை அது.

ஆனால் இதில் தேய்கிற பாகங்கள் பெரும்பாலும் கம்பெனிச் சரக்கு. குழவிக்குள் இருக்கும் புஷ், தாங்கி, டிரம் உட்காரும் கப்ளிங், பூட்டும் கிளிப் என்று ஒவ்வொன்றும் மாடலுக்கு மாடல் மாறும். மூன்று வருடத்தில் கம்பெனி மாடலை மாற்றிவிட்டால், ஐம்பது ரூபாய் புஷ்ஷுக்காக ஆறாயிரம் ரூபாய் கிரைண்டர் பரணுக்குப் போகும். டிரம்மும் கல்லும் ஒட்டிய இடத்தில் ஒட்டு விட்டால் ஈரம் உள்ளே இறங்கிக் கறுப்பாகும், வாடை வரும். பல மாடல்களில் டிரம்மையே மாற்றுவது தவிர வழியில்லை. மோட்டார் நன்றாக இருந்தும் வெளியே எறியப்படுகிற டேபிள் டாப்கள்தான் மனசுக்குக் கஷ்டம்.

இப்போது பணக்கணக்கு. புரிவதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். பெரிய கிரைண்டர் பதினாலாயிரம், இருபத்தைந்து வருடம் உழைக்கிறது. அதற்குள் பெல்ட், பேரிங், கல் கொத்து, ஒருமுறை காயில் என்று ஐயாயிரம் செலவு. மொத்தம் பத்தொன்பதாயிரம், வருடத்துக்கு 760 ரூபாய். டேபிள் டாப் ஆறாயிரம், பழுதுக்கு இரண்டாயிரம், எட்டு வருடத்தில் ஆயுள் முடிகிறது. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய். இதுவரை பெரியது ஜெயிக்கிறது. மின்சாரத்தையும் சேர்த்தால் இடைவெளி சுருங்குகிறது. பெரிய மோட்டார் சுமார் 500 வாட் இழுக்கும், சின்னது 150 வாட். முக்கால் மணி நேரம், வாரம் இருமுறை என்றால் வருடத்துக்குச் சுமார் 27 யூனிட் வித்தியாசம். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் போட்டாலும் நூற்று முப்பத்தைந்து ரூபாய்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்குகிற வீட்டில் அதுவும் இல்லை.

அதே டேபிள் டாப்புக்கு உதிரிபாகம் தொடர்ந்து கிடைக்கிறது, நாலாயிரம் செலவழித்துப் பதினான்கு வருடம் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரண்டுவிடுகிறது. மொத்தம் பத்தாயிரம், வருடத்துக்கு 715 ரூபாய்க்கும் கீழே. பெரிதை விட மலிவு. கனமாக இருப்பது மட்டுமே உழைப்புக்கு அத்தாட்சி இல்லை. பெரிய கிரைண்டர் நெடுநாள் உழைப்பதற்கு முக்கியக் காரணம், அதன் தேய்மானப் பாகங்கள் பொதுச் சரக்காக இருப்பது. சின்னதற்கும் அந்த வசதி கிடைத்தால் சின்னதும் உழைக்கும்.

இதை உலகம் இப்போதுதான் சட்டமாக்கப் பார்க்கிறது. பிரான்சில் 2021இல் செல்போன், மடிக்கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் மேல், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற விதி வந்தது. உதிரிபாகம் கிடைப்பதும் அதன் விலையும் அந்த மதிப்பெண்ணில் சேர்ந்தன. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 இறுதியில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையதளம் திறந்தது. கிரைண்டருக்கு அப்படி ஒரு மதிப்பெண் வந்தால் அதற்கு முதலில் கை தூக்க வேண்டிய ஊர் கோவைதான். வரியும் இதில் சேர்த்தி. வெட் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. தரமானதை வாங்க நினைத்த குடும்பத்தை விலை குறைந்த மாடலை நோக்கித் தள்ளிய முடிவு அது என்பது என் கருத்து.

கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்களுக்கு இந்த நீண்ட காலக் கணக்கு எதுவும் உதவாது. உக்கடத்துச் சந்துகளில் வாடகைக்கு இருக்கிறவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல்தளத்தில் இருக்கிறவர்கள், வீடு மாறும்போதெல்லாம் பெரிய கிரைண்டரை இரண்டு ஆள் வைத்துப் படியேற்றி இறக்க வேண்டும். அவர்களுக்கு டேபிள் டாப்தான் நியாயமான தேர்வு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம், வாங்கப் பணம் இல்லாத ஏராளமான வீடுகளுக்குக் கிரைண்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சொந்த வீடு, ஐந்தாறு பேர் சாப்பிடுகிற குடும்பம், தினமும் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் என்றால் பெரியதில் யோசிக்கவே வேண்டாம். புதிதுக்குப் பணம் போதாவிட்டால், நல்ல கல் இருக்கும் பழைய கிரைண்டரை வாங்கி, மோட்டாரையும் பேரிங்கையும் சரி செய்து கொள்ளலாம். மோட்டாரை மாற்றலாம், சட்டத்தை வெல்டிங் வைக்கலாம். விரிசல் விட்ட கல்லுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. அதனால் முதலில் கல்லைத் தடவிப் பாருங்கள்.

மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு என் தீர்ப்பு டேபிள் டாப்புக்கே, ஒரே நிபந்தனையோடு. பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம், “ஏனுங்க, இதுக்குக் குழவி செட்டு, புஷ்ஷு, டிரம்மு எல்லாம் தனித்தனியாக் கெடைக்குங்களா? என்ன வெலைங்க? மோட்டார் தாமிரக் காயிலுங்களா?” என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். உதிரிபாகத்தின் விலையை பில்லின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.