ஓலை வந்த இரவுகள்

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் அடித்த தப்புப் பறை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டது. மாசி மாத இரவுகளில் அதே தப்பு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கூப்பிட்டது. கூத்தை வெறும் வழிபாடாக மட்டும் பார்ப்பவர்கள் வேலைக்கும் கூத்துக்கும் ஒரே தப்பு அழைத்ததைக் கவனிப்பதில்லை. தோட்டத்தில் யார் யாரிடம் எப்படிப் பேசலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. தோட்ட மேலாளரான துரையின் சொல் கணக்கப்பிள்ளை, கங்காணி வழியாகத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு இறங்கும். லயத்தின் சொல் அதே வழியில் ஏறுவது அபூர்வம். வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்காக அச்சான தமிழ்க் கையேடு ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. இப்படி ஏவலாகவே காதில் விழுந்த பேச்சு எப்படி நடக்கிறது என்பதை ஆடிக் காட்டிய இடம் காமன் கூத்து என்பதே என் வாதம்.

ஓலைக் காட்சியைப் பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் வர வேண்டும் என்று தூதன் ஓலை கொண்டு வருகிறான். கெட்ட கனாக் கண்டேன், போகாதீர்கள் என்று ரதி மறித்து நிற்கிறாள். மன்மதன் போகிறான், எரிகிறான். பிறகு ரதி பாடுவது லயத்தில் சாவு விழுந்தால் பெண்கள் பாடும் அதே ஒப்பாரி. உத்தரவு போட்டவன் ஓரிடத்தில், கொண்டு வருபவன் நடுவில், மறுக்க வழியில்லாதவன் கீழே. பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவனே இரவில் மன்மதன் வேஷம் கட்டி லயம் லயமாக ஆடி வரும்போது, பார்ப்பவர்களுக்கு இந்த வரிசையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதை தஞ்சை, திருச்சிப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தது, தோட்டத்துக்காகக் கட்டியதல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் நாளெல்லாம் ஏவலுக்கு நடந்த ஊரில் அதே ஓலை வேறு கனத்தோடு காதில் விழும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ரதியாக வந்தவர்கள் ஆண்கள், கொழுந்து பறித்த பெண்கள் பார்வையாளர்கள், தப்படிக்கும் கடமை சாதியின் பெயரால் சிலர் தோளில் ஏற்றப்பட்டது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. பகலின் அநீதிகளில் சிலவற்றைக் கூத்தும் சுமந்தது. ஆயினும் ரதியாக வந்த ஆண் கடன் வாங்கிய குரல் பெண்களுடையது. ஓலையை எதிர்த்து வாய் திறந்த ஒரே பாத்திரமும் ரதியே. மேலிருந்து வந்த ஓலை கூத்தோடு நிற்கவில்லை: இலங்கையின் 1948 சட்டம் இந்தத் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று அவர்களைக் கேட்காமலே பங்கிட்டது. அந்தக் காகிதங்கள் லயங்களுக்கு வந்து சேர்ந்தபோது, ரதியின் மறியலை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய குடும்பங்களே பிரிந்து தலைமன்னாருக்கு ரயில் ஏறின.