ஆயாவின் இடது மூளையும் சீர்காழி டாக்டரும்

மூணு வருஷம் முன்னாடி எங்க ஆயாவுக்கு வாதம் வந்தது. கடலூர் முதுநகர்ல வீடு. காலையில வாசல் தெளிச்சிட்டு உள்ள வந்தவங்களுக்கு திடீர்னு வலது கை விளங்கல. வாய் கோணிடுச்சு. பேச்சு சுத்தமா நின்னு போச்சு. புறா ரத்தம் தடவினா சரியாகும்னு யாரோ சொல்ல, புறா தேடியே அரை நாள் போயிடுச்சு. அப்புறம்தான் சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. சென்னையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தப்ப இருட்டிடுச்சு.

ஒரு சின்ன வயசு டாக்டர் ஸ்கேன் கவர் பின்னாடி பேனாவால படம் போட்டுக் காட்டினார். "இது பெருமூளை. நினைக்கிறது, பேசறது, கை காலை அசைக்கிறது எல்லாம் இங்க. பின்னாடி குட்டியா இருக்கிறது சிறுமூளை, தள்ளாடாம நிக்க வைக்கும். அடியில முகுளம், மூச்சும் இதயத் துடிப்பும் அதோட பொறுப்பு. பாட்டிக்கு அது ரெண்டும் நல்லா இருக்கு. அடிபட்டது இங்க"ன்னு இடது முன்பக்கத்துல ஒரு வட்டம் போட்டார். இடது மூளைதான் வலது பக்க உடம்பை ஆளுது. பெரும்பாலானவங்களுக்குப் பேச்சும் இடது பக்கம்தான்.

பள்ளிக்கூடத்துல இதே படத்தை வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்கினவன் நான். ஆனா அந்தப் படத்துல இருக்கிற ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் எதையோ இழந்த ஒரு மனுஷன் இருக்கான்னு யாரும் சொல்லித் தரல.

பாரிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் லெபோர்ன் என்ற நோயாளி 21 வருஷம் இருந்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே சத்தம்தான் வரும். மற்றவங்க சொல்றது புரியும். 1861ல அவர் இறந்ததும் டாக்டர் ப்ரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்மடலில் சேதம். எங்க ஆயாவுக்கு டாக்டர் வட்டம் போட்ட அதே இடம்! 1953ல அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்கணும்னு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ரெண்டு பக்கமும் எடுத்தாங்க. அதுக்கப்புறம் அவருக்குப் புது நினைவே தங்கல. தினம் பார்க்கிற டாக்டரும் தினமும் புது ஆள். 2008ல இறக்கும் வரை அப்படித்தான். நினைவு எங்கே உருவாகுதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அவரால.

இந்தக் கதையில நம்ம பக்கத்து ஆளுங்களும் இருக்காங்க. சிதம்பரத்துல இருந்து கொள்ளிடம் தாண்டினா சீர்காழி. டாக்டர் பி. ராமமூர்த்தி 1922ல அங்கதான் பிறந்தார். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949ல இந்தியாவின் முதல் மூளை அறுவைப் பிரிவை ஆரம்பிச்சார். மறு வருஷமே சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி ஆரம்பிச்சார். அப்போ சி.டி. ஸ்கேன் கிடையாது, அது 1971ல தான் வந்தது. மூளைக்குள்ள இருக்கிற அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலை வச்சுக் கட்டி எங்கன்னு கணிக்கணும். சோர்ஸ் கோடே இல்லாம பக் தேடுற மாதிரி. தப்பினா உயிர்!

இன்னொருத்தர் 1951ல பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படிச்சு அமெரிக்கா போனவர். கை துண்டிக்கப்பட்ட ஒருத்தரோட கன்னத்தைப் பஞ்சால தொட்டார். "இல்லாத கையைத் தொடறீங்க"ன்னார் அவர். மூளையின் வரைபடத்துல கைக்குப் பக்கத்து மனை முகம். கை காலி பண்ணின இடத்தை முகம் வளைச்சுப் போட்டுடுச்சு, நம்மூர் புறம்போக்கு மாதிரி. வளர்ந்த மனுஷன் மூளையிலயும் பட்டா மாறும் என்பது அன்னைக்குப் பெரிய செய்தி.

எனக்கு அந்தச் செய்திதான் முக்கியம். "தண்ணி"ன்னு சொல்ல முடியாம அழுத ஆயா, பத்தாவது நாள் பக்கத்துக் கட்டில் ரேடியோவில் தேவாரம் கேட்டதும் கூடவே பாடினாங்க. வார்த்தை பிசகாம! வார்டே திரும்பிப் பார்த்தது. பேச்சு போனவங்களுக்குப் பாட்டு மிஞ்சறது உண்டாம். 1970களில் அமெரிக்காவில் அதை வச்சே ஒரு பயிற்சியை உருவாக்கியிருக்காங்க. நாங்களும் "தண்ணி வேணும்" என்பதை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தோம். இன்னைக்கு ஆயா என் பேரைச் சொல்வாங்க. பாதி நாள் தம்பி பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவாங்க, அது வேற கதை.

ஒண்ணுதான் மனசை அறுக்குது. ரத்தக்கட்டி அடைச்ச வாதமா இருந்தா, அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நாங்க அந்த நேரத்தைப் புறாவுக்குக் கொடுத்துட்டோம். வாய் கோணினா, ஒரு பக்கக் கை தொங்கினா, பேச்சு குழறினா, 108க்குப் போன் போடுங்க. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டறவன். மருத்துவம் படிச்சவங்க தப்பு இருந்தா திருத்துங்க.