‘ஒன்லி’யும் ‘ஓல்சோ’வும்

ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான வினையடைகளுள் ஒன்று ‘ஒன்லி’. இலங்கைத் தமிழருக்கு அது வெறும் இலக்கணச் சொல் அன்று. 1956 ஏப்ரலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவை ஆட்சியில் அமர்த்திய ‘சிங்கள ஒன்லி’ முழக்கத்தின் உயிரே அச்சொல்லில்தான் இருந்தது.

செய்தி மேசையில் நெடுங்காலம் மொழிபெயர்த்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. அவ்வாண்டு நிறைவேறிய 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பிரதான ஆங்கில வாசகத்தில் ‘ஒன்லி’ இல்லை! சிங்களமே இலங்கையின் ‘வன்’ அரசகரும மொழி என்றே அது விதிக்கிறது. பேச்சுமேடைச் சொல்லைச் சட்டம் தவிர்த்ததுபோலத் தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ எனும் சொல்லுடன் ‘போன்ற’ எனப் பொருள்படும் விகுதி சேர்ந்து பிறந்ததே ‘ஒன்லி’. இரண்டும் ஒரே வேர்.

தமிழில் இதற்கு மட்டும், மாத்திரம், தான், பிரிநிலை ஏகாரம் என எத்தனையோ உண்டு. நம் பத்திரிகைகளில் நிலைத்ததோ ‘தனிச் சிங்களச் சட்டம்’. வினையடை பெயரடையாயிற்று. நல்ல மொழிபெயர்ப்பு என்றே சொல்வேன்; விலக்கலையும் பிரிவையும் ஒருங்கே உணர்த்துகிறது. அதே ‘தனி’ 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின் ‘தனிநாடு’ என்ற சொல்லிலும் வந்தமர்ந்தது.

1956 ஜூன் 5 அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டதும், 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்ததும் பலரும் அறிந்தவை. நான் சொல்லவருவது 1987 நவம்பரில் வந்த 13 ஆவது திருத்தத்தைப் பற்றி. அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையில் இரண்டாம் பந்தியாகத் தமிழ் நுழைந்தது, ‘ஓல்சோ’ என்ற இன்னொரு வினையடையின் கைபிடித்து. முதற் பந்தியில் சிங்களத்துக்கு முன்னால் ‘த’ எனும் சுட்டு. தமிழுக்கோ ‘ஏன்’ எனும் சுட்டு. முன்னது ‘அந்த மொழி’. பின்னது ‘ஒரு மொழி’. நம் இலக்கணத்தார் இறந்தது தழீஇய எச்சவும்மை என்பர்: ‘தமிழும்’ என்றால் முன்னே ஒன்று வந்தமர்ந்துவிட்டது என்று பொருள்.

வேறுவிதமாக எழுத இயலாமற் போனதா? அடுத்த 19 ஆம் உறுப்புரையைப் பாருங்கள். சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள் என்று ஒரே வரியில், வினையடை எதுவுமின்றி, 1978 இலேயே எழுதியிருக்கிறார்கள்.