ஈரும் பேனும் வெட்கமும்

தலையில் பேன் ஊருது எண்டு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுறது எங்கட பக்கத்துப் பாடசாலைகளில் புதுசில்லை. முந்தலைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கேட்டுப் பார்த்தால், அப்படி அனுப்பப்பட்டு, அடுத்த கிழமை தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த ஒரு பொம்பிளைப் பிள்ளையின் கதையாவது கிடைக்கும். பேன் போயிருக்கும். "ஊத்தைப் பிள்ளை" எண்ட பேர் போறதில்லை. இந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது எண்டுதான் நாங்க தேடத் தொடங்கினோம்.

தமிழில் பேன் வறுமையோட வருவது பழைய விஷயம். பொருநராற்றுப்படையில் கரிகால் சோழனிடம் போகிற பொருநன், பேனும் ஈரும் குடியேறின ஒட்டுப்போட்ட கந்தலோடதான் போகிறான். அரசன் அதைக் களையச் செய்து மெல்லிய புதுத்துணி கொடுக்கிறான். கவனியுங்கள், அந்தப் பேன் இருந்தது துணியில், தலையில் இல்லை. அதுக்குத் தமிழில் தனிப் பேரே உண்டு: சீலைப்பேன்.

தலைப்பேனும் சீலைப்பேனும் நெருங்கிய சொந்தம். மனிசர் உடுப்பு உடுக்கத் தொடங்கின பிறகுதான் சீலைப்பேன் பிரிந்து வந்தது. 2003இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டு, அது ஏறக்குறைய 70,000 ஆண்டுக்கு முன் நடந்ததாகக் கணக்கிட்டார்கள். 2011இல் வந்த இன்னொரு கணக்கு அதை 1,70,000 ஆண்டு வரைக்கும் பின்னுக்குத் தள்ளியது. (மனிசர் எப்ப உடுத்தினார்கள் எண்ட கேள்விக்குப் பேன் சாட்சி சொல்லுது, இதைவிட நல்ல தொல்லியல் வேணுமா!) மாற்றுடுப்பு இல்லாத இடத்தில்தான் சீலைப்பேன் பெருகும். டைபஸ் காய்ச்சலைப் பரப்புவதும் அதுதான். 1909இல் தூனிஸ் நகரில் இதைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் நிக்கோலுக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியைக் குளிப்பாட்டி உடுப்பை மாற்றின பிறகு, உள்ளே யாருக்கும் நோய் தொற்றவில்லை எண்டதைக் கவனித்ததுதான் அவருக்குக் கிடைத்த தடயம்.

தலைப்பேனின் கதை வேற. அது டைபஸ் பரப்புவதில்லை. பறக்காது, பாயாது, தலையோட தலை முட்டினால் ஏறும். குளித்த தலை, குளிக்காத தலை எண்டு அதுக்குப் பேதமில்லை. இஸ்ரேலில் லாக்கிஷ் எண்ட இடத்தில் 2016இல் ஒரு சின்னத் தந்தச் சீப்புக் கிடைத்தது. வயது ஏறக்குறைய 3,700 ஆண்டு. ஒரு பக்கம் 6 தடித்த பல், மற்றப் பக்கம் 14 நுண்ணிய பல், எங்கட கடைகளில் தொங்குகிற இரட்டைப்பக்கப் பேன்சீப்பு மாதிரியேதான். அதில் கீறியிருந்த 17 எழுத்துகளை 2022இல் வாசித்து வெளியிட்டார்கள்: தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிக்கட்டும் எண்ட வேண்டுதல். அந்த நாட்டில் அப்ப யானை இல்லை, தந்தம் வெளியிலிருந்து வந்தது. ஆக, தந்தச் சீப்பு வாங்க வசதியான ஆளுக்கும் தலை கடித்திருக்கு.

பிறகு எப்படி இது ஏழைப் பிள்ளையின் குற்றமானது? சீலைப்பேனின் கெட்ட பேரைத் தலைப்பேனும் சுமந்தது எண்டுதான் எங்களுக்குப் படுது. பிரித்தானியாவில் 1907 சட்டத்தோட பாடசாலைகளில் மருத்துவப் பரிசோதனை வந்தது. தாதிமார் தலை பார்த்தார்கள். 1939இல் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினபோது, பேனோட வந்த அழுக்குப் பிள்ளைகள் எண்டு வரவேற்ற வீடுகள் முறையிட்டன. கென்னத் மெலன்பி ஆஸ்பத்திரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 1941இல் எழுதினார்: தொழில் நகரங்களில் பெண் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பேன். பாடசாலைக் கணக்கு அதில் சின்னப் பங்கைத்தான் காட்டியிருந்தது.

இது முந்தலில் வாசிக்கும்போது வேற மாதிரிக் கேட்கும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றின ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தது. ஓலைக் கொட்டிலில் ஒரே பாயில் நாலைந்து தலை படுத்தால் பேன் பரவத்தான் செய்யும். அது நெருக்கத்தின் கணக்கு, அழுக்கின் கணக்கில்லை. உம்மம்மாவும் அம்மம்மாவும் படிக்கட்டில் வரிசையா இருந்து ஒருத்தருக்கொருத்தர் பேன் பார்ப்பதும் இதே நெருக்கம்தான், அதை மட்டும் யாரும் குறை சொல்றதில்லை.

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1943-44இல் நேப்பிள்ஸில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டிடிடி தூவி டைபஸை அடக்கினார்கள். 1951இலேயே கொரியாவில் அதுக்குச் சாகாத சீலைப்பேன் வந்துவிட்டது. 1980களில் தலைப்பேனுக்கு வந்த பெர்மெத்ரினுக்கும் பல நாடுகளில் அதே கதி. "மருந்து பிடிக்கல்ல" எண்டதும் வீட்டில் கை போறது மண்ணெண்ணெய்க்கு, அன்னமுன்னா விதைக்கு, சில இடத்தில் பயிருக்கு அடிக்கிற மருந்துக்கு. மண்ணெண்ணெய் தலையோட குப்பி விளக்குக்குக் கிட்டப் போனால் என்னாகும் எண்டு விளங்கும். அன்னமுன்னா விதைத்தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். பூச்சிநாசினி தோலுக்குள்ளால உடம்பில் சேரும்.

ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். அதனால் ஈரத் தலையில் கண்டிஷனர் பூசி, பேன்சீப்பால் மூன்று நாலு நாளுக்கொரு தடவை, இரண்டு கிழமைக்கு விடாமல் வார வேணும். வீட்டில் எல்லாத் தலையையும் அதே நாளில் பார்க்க வேணும். பாடசாலைக்கு அனுப்பாமல் மறிக்கத் தேவையில்லை எண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010 அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. காரணம் எளிமையானது. டீச்சர் கண்ணில் பேன் படுகிற அன்றைக்கு, அந்தப் பிள்ளை பெரும்பாலும் ஒரு மாதமாக அதே பேனோட அதே வாங்கில் இருந்துவிட்டது.